படத்தில் இல்லாத அக்கா

போன மாதம் தேக்கா பக்கம் நடந்த அந்தப் பழைய படத்தின் திரையிடலுக்கு உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். என் வயதுக்காரர்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு படி இறங்கி, முன்வரிசையில் தைல வாசனையோடு உட்கார்ந்திருந்தவர்கள். படம் முடிந்ததும் ஒரு மாணவி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் பதில் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு எல்லாரும் வெளியே போய்க் கேசரி சாப்பிட்டோம்.

நான் சொன்னது பொய். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. நாலாம் வகுப்போடு நின்றவள். பிஸ்கட் தொழிற்சாலை, கப்பல் பட்டறைக் கேண்டீன், ஆஸ்பத்திரிச் சலவை அறை, நடுவில் ஜொகூரில் கொஞ்ச காலம், பாத்தாமில் கொஞ்ச காலம், திரும்பி வந்து கேலாங்கில் வாடகை அறை என்று அலைந்தே வயதாகிவிட்டது. கல்யாணமும் ஒன்று நடந்தது, அதிலும் நிலைத்து நிற்கவில்லை. ஒரே ஜன்னல் வழியாக அதிக நாள் வெளியே பார்த்தால் எனக்குக் கால் அரிக்கும். அதனால் முன்னே பின்னேதான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கிளமெண்டியில் அடுக்குமாடிப் புளோக்குகள் வரிசையாக நிற்கின்றனவே, அந்தப் பக்கம், தண்டவாளத்தைத் தாண்டி எங்கள் கிராமம், எங்கள் கம்பம் இருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள். ஒரு பக்கம் நம்மவர்கள், ஒரு பக்கம் மலாய்க்காரர்கள், கால்வாய்க்கு அப்பால் சீனர்களின் காய்கறித் தோட்டமும் பன்றிக் கொட்டகையும். காற்று திரும்பினால் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு காற்றைத் திட்டுவாள். அப்பாவுக்கு ரோட்டில் தார் ஊற்றுகிற வேலை. மண்ணெண்ணெய் போட்டுக் கால் கழுவினாலும் தார் வாசனை போகாது. நாங்கள் அந்த வாசனையில்தான் தூங்கினோம். அம்மா ஆடு வளர்த்தாள், புல் அறுத்து மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்தாள், கல்யாண வீடுகளுக்கு மசாலா இடித்தாள். ஏழைகள்தான். ஆனால் அது எங்களுக்குத் தெரியாது. தெரிய வைக்க ஒரு சினிமாக் குழு வரவேண்டியிருந்தது.

பிள்ளைகள் நான்கு பேர். அக்கா, அண்ணன், நான், தம்பி.

அக்கா பிறப்பால் சீனப் பிள்ளை. நம் வயதுக்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பெண்ணாகப் பிறந்துவிட்ட குழந்தைகளைச் சீனக் குடும்பங்கள் நம்மவர்களிடம் வளர்க்கக் கொடுத்தது அந்தக் காலத்து வழக்கம். ஒவ்வொரு கம்பத்திலும் அப்படி ஒருத்தி, இரண்டுபேர் இருந்தார்கள். பொட்டு வைத்து, காது குத்தி, மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்து, நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசினார்கள். அம்மாவுக்கு முதலில் பிறந்தது தங்கவில்லை. பிறகு சில வருஷம் ஒன்றும் இல்லை. கால்வாய்க்கு அப்பால் தோட்டக்காரர் வீட்டில் ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, அதை ஒரு துண்டில் சுற்றி வாங்கி வந்துவிட்டாள். அந்தக் குடும்பம் கொஞ்ச நாளில் எங்கோ மாறிப் போய்விட்டது. பிறப்பைப் பதிந்த காகிதம், சூரை என்போமே, அதையும் கொடுக்கவில்லை, வேறு காகிதமும் இல்லை. அக்கா வந்த ராசி என்று சொல்வார்கள், அதன் பிறகு அம்மா வரிசையாக மூன்று பெற்றாள்.

"அக்கா மட்டும் ஏம்மா வெள்ளையா இருக்கு?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ஒன்னப் பெத்தப்ப அடுப்புப் பக்கத்துல படுத்துக் கெடந்தேன், நீ கருகிப் போயிட்ட. அவளக் கெணத்தடியில பெத்தேன்," என்றாள் அம்மா.

எல்லாரும் சிரித்தோம். அக்காதான் அதிகம் சிரித்தாள். யாரும் அதை நம்பவில்லை. யாரும் மறுத்துப் பேசவும் இல்லை. வீட்டுக்குள் அது அப்படியே இருந்தது, மூடி போட்ட சட்டி மாதிரி.

காகிதம் இல்லை என்பதால் அக்காவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பேர் பதியப் போனால் சூரையைக் கேட்பார்கள், இல்லை என்றால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய் எங்கோ ஒரு ஹோமில் விட்டுவிடுவார்கள் என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கையில் காகிதத்தோடு கம்பத்துக்குள் யார் நுழைந்தாலும், "புள்ள, உள்ள போ" என்று அம்மா முதலில் அக்காவைத்தான் சொல்வாள். அண்ணனுடைய புத்தகங்களை வைத்து அக்கா தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டாள். மளிகை கட்டி வந்த பேப்பரைக்கூட விடமாட்டாள். தம்பி எந்நேரமும் அவள் இடுப்பில். ஒன்றரை வயதுத் தடியன். அவளைத் தவிர யார் தூக்கினாலும் ஊரைக் கூட்டுவான்.

அக்காவுக்குப் பன்னிரண்டு, எனக்கு ஏழு. அந்த வருஷம் வெயில் அதிகம். கிணறு அடிவரை இறங்கி, வாளி கல்லில் இடிக்கிற சத்தம் கேட்கும். அப்போதுதான் படக் குழு வந்தது. டைரக்டர் நம்மவர்தான். இங்கே மலாய்ப் படக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக ஒரு தமிழ்ப்படம் எடுக்கக் கிளம்பியவர். கம்பத்து ஏழைக் குடும்பம் ஒன்றின் கதை. சின்னப் பெண்தான் அதில் முக்கியம். உண்மையான வீடு, உண்மையான மனிதர்கள் வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் வீட்டையும் அம்மாவையும் பார்த்ததும் பிடித்துவிட்டது. அப்பா, "எனக்கு வேல இருக்கு, ஆள விடுங்க" என்று சொல்லிவிட்டதால் அப்பா வேஷத்துக்கு மட்டும் ஒரு நடிகர் வந்தார்.

படம் எடுக்கிறார்கள் என்றதும் அம்மா செய்த முதல் வேலை வீட்டைக் கழுவியது. வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டாள். எங்களைத் தேய்த்துக் குளிப்பாட்டி, தீபாவளிச் சட்டையை எடுத்துப் போட்டு, முகத்தில் பவுடர் அப்பி, எனக்கு இரண்டு சடையும் சிவப்பு ரிப்பனும் கட்டிவிட்டாள். போட்டோ எடுக்கப் போகிற வீட்டில் வேறு என்ன செய்வார்கள்?

டைரக்டர் வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"என்னம்மா இது? கல்யாணத்துக்கா போறீங்க?"

"ஏன் சார், நல்லாத்தானே இருக்கு."

"நல்லாருக்கு. அதான் பிரச்சினை."

பிறகு வீட்டுக்குள் இருந்து ஒவ்வொன்றாக வெளியே போயிற்று. செம்பருத்திப் பூப் போட்ட சீனத்துத் தெர்மாஸ் போயிற்று. கண்ணாடி, லட்சுமி காலண்டர், அம்மா சீட்டுப் போட்டு வாங்கிய கைத் தையல் மெஷின், அண்ணன் புத்தகப் பை, எனாமல் தட்டுகள். ஏழை வீட்டில் இதெல்லாம் இருக்காது என்றார் டைரக்டர். எங்களுக்கும் பக்கத்து மலாய்க்கார அம்மா வீட்டுக்கும் நடுவில் ஒரு ரம்புத்தான் மரம் இருந்தது. எல்லாவற்றையும் அதன் அடியில் ஒரு பாயை விரித்து அடுக்கினார்கள். ஒருவன் ஏணி வைத்துக் கூரையைப் பிய்த்தான்.

"யோவ், கூரைய ஏன்யா பிக்கிற? மழ பேஞ்சா ஒங்கப்பனா வந்து சட்டி வைப்பான்?" என்று அம்மா கத்தினாள்.

"திரும்பக் கட்டிக் குடுத்துருவோம்மா. வெளிச்சம் உள்ள விழணும்," என்றார் டைரக்டர்.

இதற்கிடையில் குழுவில் இருந்த ஒருவரை அம்மா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, கையில் ஒரு அட்டை, அட்டையில் கிளிப் போட்ட காகிதம். டைரக்டருக்கு உதவியாள் அவர், எந்தக் காட்சியில் யார் என்று குறிக்கிறவர். இப்போது எனக்குத் தெரிகிறது. அம்மாவுக்குத் தெரியவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் இதே மாதிரி அட்டையோடு அரசாங்க ஆட்கள் வந்து, ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் போட்டு, எத்தனை தலை என்று எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். அன்றைக்கு அக்கா ஆட்டுக்கொட்டகைக்குள் இருந்தாள்.

மேக்கப்காரர் வந்தார். எங்கள் பவுடரைத் துடைத்தார். ரிப்பனை அவிழ்த்துத் தலையைக் கலைத்தார். எங்கள் அடுப்பிலிருந்தே சாம்பலும் கரியும் எடுத்து, என் கன்னத்திலும் அண்ணன் கன்னத்திலும் பூசினார். சட்டையின் தோள்பட்டையைக் கிழித்தார். எனக்கு அழுகை வந்தது. தீபாவளிச் சட்டை அது. ஆனால் கேமராவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

நாங்கள் வரிசையாக நின்றோம். அப்போது அக்கா பின்பக்கத்திலிருந்து வந்து எனக்கு அடுத்து நின்றாள். தம்பி இடுப்பில். முகம் முழுக்கக் கரி. தானே பூசிக்கொண்டு வந்திருந்தாள். எங்களுக்குக் கன்னத்தில் இரண்டு இழுப்புத்தான். அவள் நெற்றி, மூக்கு, கழுத்து, காதுமடல் என்று ஓர் இடம் விடவில்லை. கைகளிலும் முழங்கை வரை பூசியிருந்தாள். வெயிலில் வியர்த்து, கண்ணோரத்தில் இரண்டு வெள்ளைக் கோடு இறங்கியிருந்தது.

குழுவில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் தாங்கமுடியாதது.

அட்டைக்காரர் அருகே வந்தார். "வீட்டுல எத்தன பிள்ளைங்கம்மா?" என்றார், பேனாவைத் திறந்துகொண்டே.

அம்மா பேனாவைப் பார்த்தாள். "மூணு," என்றாள்.

"அப்ப இந்தச் சீனப் பொண்ணு?"

"பக்கத்து வீட்டுப் புள்ள. சும்மா விளையாட வரும்."

அவர் என் பக்கம் குனிந்தார். "அப்படியா பாப்பா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா" என்றேன். அம்மா சொன்னதையே நானும் சொன்னேன், அவ்வளவுதான் என்று பல வருஷம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அக்கா போய்விட்டால் நடுவில் நிற்கப் போவது நான் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது.

அக்கா தம்பியை என் இடுப்பில் மாற்றினாள். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள். கரி லேசில் போகாதே, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். பிறகு ரம்புத்தான் மரத்தடிக்குப் போய், தெர்மாஸுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் பாயில் உட்கார்ந்தாள்.

ஒன்பது நாள் படம் எடுத்தார்கள். ஒன்பது நாளும் அவள் அங்கேயே இருந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, எழுந்திருக்கவும் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த வசனக் காகிதத்தை எனக்குப் படிக்கத் தெரியாது. இடைவேளையில் ஓடிப் போய் அவளிடம் நீட்டுவேன். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுப்பாள். "அம்மா, பசிக்குதும்மா" என்று ஒரு வரி. "இப்படி இழுக்காத, நெசமாப் பசிச்சவ இழுத்துப் பேச மாட்டா," என்றாள். படத்தில் நான் பேசுவதைக் கேட்டு அன்று அரங்கில் கை தட்டினீர்களே, அது அவள் சொல்லிக் கொடுத்தது.

இப்போது அந்தக் காட்சிக்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் கைக்குட்டையைத் தேடிய காட்சி. வாசலில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். குடிகார அப்பா சோற்றுப் பானையை உதைத்துவிட்டுப் போகிறார். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். தம்பி அழுகிறான். இரண்டு கையையும் படத்தின் ஓரத்துக்கு நீட்டி, உடம்பையே வளைத்து, மூச்சு விடாமல் அழுகிறான். கேமரா அவனிடமே நிற்கிறது. அன்று பேசிய இளம் பேராசிரியர், இந்தக் கைகள் வறுமையின் கைகள், தரமுடியாத உலகத்தை நோக்கி நீளும் கைகள் என்றார். தமிழ்ப்படத்தில் இதற்கு முன் பசியை யாரும் இப்படிக் காட்டியதில்லை என்றார். அவர் சொன்ன விதம் நன்றாக இருந்தது. எனக்கே கண் கலங்கியது.

தம்பி அன்று காலையில் குழுவோடு வந்த சாப்பாட்டில் இரண்டு முட்டை தின்றிருந்தான். வயிறு மத்தளம் மாதிரி இருந்தது. அவன் கை நீட்டிய திசையில் ரம்புத்தான் மரம் இருந்தது.

"விட்டுராத, அழுவட்டும், அழுவட்டும்!" என்று டைரக்டர் என்னிடம் கத்தினார். அவன் என் இடுப்பிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தான். அவன் என்னைக் கடித்தான். மரத்தடியில் அக்கா இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி, அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

கூரையைத் திரும்பக் கட்டினார்கள். ஒரு பெரிய பிஸ்கட் டின் கொடுத்துவிட்டுப் போனார்கள். பொருள்கள் எல்லாம் வீட்டுக்குள் வந்தன. தெர்மாஸ் மட்டும் உடைந்திருந்தது, யார் தட்டினார்கள் என்று தெரியவில்லை. அக்காவும் உள்ளே வந்தாள். அன்று சாயந்திரம் அவள் என்னிடம், "ஒங்கம்மா கூப்பிடுது, போ" என்றாள்.

ஒங்கம்மா. நான் அதைச் சரியாகக் கவனிக்கக்கூட இல்லை. அம்மா கவனித்தாள். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள், ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

அதற்குப் பிறகு அக்கா அவளை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. சண்டை போடவில்லை. ஒரு வேலை குறைக்கவில்லை. புல் அறுத்தாள், தைத்தாள், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தாள். கூப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் "இந்தா" என்பாள், இல்லை எங்களை அனுப்புவாள். அம்மா குழம்பில் பெரிய மீன் துண்டை அக்கா தட்டில் வைப்பாள். அக்கா அதை எடுத்துத் தம்பி தட்டில் வைப்பாள். வாரத்துக்கு இரண்டு நாள் மீன். அந்தத் துண்டு ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டேதான் நான் வளர்ந்தேன்.

படம் தியேட்டருக்கு வந்து மூன்றே நாளில் போய்விட்டது. அதற்குள் எங்கள் கம்பத்து ஆட்கள் பார்த்துவிட்டார்கள். எதையும் குடிக்காத அப்பாவைக் காப்பிக்கடையில், "என்னண்ணே, பானைய ஒதைக்கலையா இன்னைக்கு?" என்று கேட்டார்கள். அப்பா அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினார். தன் புருஷன் குடிப்பதில்லை, தன் வீட்டில் கண்ணாடி உண்டு, காலண்டர் உண்டு என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பிள்ளைகள் நான்கு என்று மட்டும் அவளால் வாய்திறந்து சொல்ல முடியவில்லை. அட்டைக்காரர் எழுதிய மூன்று எங்கேயோ ஒரு ஆபீசில் இருக்கிறது என்று நம்பினாள்.

இரண்டு வருஷம் கழித்து அப்பாவுக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்தது. அக்காவைக் கூட்டிக்கொண்டு, மலாய்க்கார அம்மாவையும் மாட்டுக்கார மாமாவையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி நாலைந்து கேள்வி கேட்டார். யார் வளர்த்தது, எத்தனை வருஷமாக, சாட்சி யார். எழுதி வாங்கிக்கொண்டு, இன்னும் ஓரிரு தடவை வரச் சொன்னார். அவ்வளவுதான். பதினான்கு வருஷமாக அம்மா பயந்து செத்தது இதற்காகத்தான். அக்கா பள்ளிக்கூடம் போகாதது இதற்காகத்தான். திரும்பி வந்த அப்பா, "மகள்னு எழுதியாச்சு" என்றார். அம்மா சிரித்தாள், அழுதாள், அக்காவைப் பார்த்தாள். அக்கா துணி காயப்போடப் போய்விட்டாள்.

இப்போது யோசித்தால், அந்த ஒரு நிமிஷத்தில் அம்மா எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயத்தில் சொன்னேன், நீ என் பிள்ளை என்று. அவளுக்குத் திட்டத் தெரியும், கேலி பேசத் தெரியும், ஊரோடு சண்டை பிடிக்கத் தெரியும். இது தெரியவில்லை. நாங்கள் யாரும் அந்த வீட்டில் அப்படிப் பேசிப் பழகவில்லை.

கம்பம் போனது. எல்லாரும் புக்கிட் மேராவில் ஒரு மூன்றறை வீட்டுக்கு மாறினோம். நான் கொஞ்ச நாளில் கிளம்பிவிட்டேன். அண்ணன் ஜொகூரில் தங்கிவிட்டார். தம்பிக்குக் கல்யாணம் செய்து வைத்தது அக்கா. மூன்று வருஷம் முன்னால் அவன் இறந்துபோனபோது அவன் பிள்ளைகளைவிட அதிகம் உடைந்ததும் அக்கா. அம்மா அப்பா இருவரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அவள்தான், அதே வீட்டில். அம்மா படுக்கையில் கிடந்தபோது நான் பாத்தாமிலிருந்து வந்தேன். அக்கா ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். "இந்தா, வாயத் தொற," என்றாள். அம்மா வாயைத் திறந்து, தண்ணீரை வாங்கிக்கொண்டு, இன்னும் எதற்கோ காத்திருக்கிற மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் போய்விட்டாள்.

அந்தப் படம் தொலைந்துபோனது என்றுதான் நினைத்திருந்தோம். ஏதோ ஒரு கிடங்கில் சுருள் கிடைத்ததாம். கழுவி, சரிசெய்து, மாஸ்டர்பீஸ் என்று சொல்லி வெளிநாட்டிலெல்லாம் காட்டியிருக்கிறார்கள். பிறகு அந்தச் சின்னப் பெண் உயிரோடு இருக்கிறாளா என்று தேடி, கேலாங்கில் என் அறைக் கதவைத் தட்டினார்கள். திரையிடலுக்கு வரச்சொன்னார்கள். நான் அக்காவைக் கூப்பிட்டேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"வர்றேன். அப்படி என்னதான் எடுத்து வச்சிருக்கானுங்கன்னு பாப்போம்லா," என்றாள்.

அவள் அதுவரை அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் பச்சைச் சேலையும் வெள்ளைத் தலையுமாக உட்கார்ந்திருந்தது அவள்தான். என்னோடு வந்த சீனத் தோழி என்று உங்களில் ஒருவர் நினைத்து, அவளிடம் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னீர்கள். அவள், "உக்காருங்க, நான் தள்ளிக்கிறேன்" என்றதும் திடுக்கிட்டீர்கள். பரவாயில்லை, அவளுக்கு அது பழக்கம்.

பெரிய திரையில் பார்த்தபோதுதான் நான் ஒன்றைக் கண்டுகொண்டேன். அந்தச் சின்ன தியேட்டரில் ஏழு வயதில் நான் என்னை மட்டும்தான் பார்த்திருந்தேன். இப்போது அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஒரு காட்சியில்கூடக் கேமரா சொல்கிற இடத்தைப் பார்க்கவில்லை. அடிக்க வருகிற நடிகரைப் பார்க்கவில்லை. அழுகிற தம்பியைப் பார்க்கவில்லை. பேசும்போதும், சும்மா இருக்கும்போதும், அவள் கண் வலது ஓரத்துக்கே போய்ப் போய் நின்றது. தம்பியின் கை நீண்ட அதே பக்கம். இந்தத் தாயின் பார்வை எதிர்காலத்தைத் தேடுகிறது என்று பேராசிரியர் பிறகு சொன்னார். நான் இருட்டில் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அசையவில்லை.

விளக்கு போட்டார்கள். என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நீங்கள் கை தட்டினீர்கள். அந்த மாணவி மைக்கை வாங்கினாள்.

"ஆன்ட்டி, எனக்கு அந்த பேபி சீன் பத்திக் கேக்கணும். அவ்வளவு ரியலா இருந்துச்சு. ஷூட்டிங் அப்ப அந்த பேபிக்கு உண்மையிலேயே பசியா? ஏன் அப்படி அழுதுச்சு?"

"பசியெல்லாம் இல்லம்மா. ரெண்டு முட்ட தின்னிருந்தான்," என்றேன். சிரிப்பு.

"அப்ப ஏன் அழுதுச்சு?"

அப்போது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கீழே, நாற்காலிக் கைக்குப் பக்கத்தில், யாருக்கும் தெரியாமல். இறுக்கிப் பிடித்தாள். நான் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். நூறு பேர் இருக்கிற அரங்கில் தன்னைக் காட்டிக்கொடுக்காதே என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வயதான காலத்தில் அவளை ஒரு வேடிக்கைப் பொருளாக்கவேண்டாம், அவள் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை யாரும் கிசுகிசுக்கவேண்டாம் என்று நினைத்தேன்.

"குழந்ததானே. காரணம் எதுக்கு, அழும்," என்றேன் மைக்கில்.

நீங்கள் சிரித்தீர்கள். அக்கா கையை விட்டாள்.

வெளியே கேசரித் தட்டோடு நின்றபோது அவளைக் காணவில்லை. தேடிப் போனால், மாலைக்கடை வரிசையைத் தாண்டி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில் பஸ் நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிமார்கள் பைகளோடு ஊருக்குப் போன் பேசியபடி எங்களைச் சுற்றி நின்றார்கள்.

"ஏன்க்கா வந்துட்ட? ஒனக்கும் ஒரு தட்டு வாங்கி வச்சேன்."

"நீயே தின்னு."

"சொல்ல வேணாம்னுதானே கையப் பிடிச்ச?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எழுபது வயதுக்கு மேலும் அவளுக்குக் கோபம் வந்தால் காதுமடல் சிவக்கும்.

"சொல்லச் சொல்லித்தான்டி பிடிச்சேன்."

ஒரு பஸ் வந்தது, எங்களுடையது இல்லை, போயிற்று.

"எனக்குத் தெரியலக்கா. ஒனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"எல்லாரும் எனக்காகத்தான் பயப்படுறீங்க," என்றாள். "என்கிட்ட ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறீங்க."

"படத்துல பாத்தியாக்கா? ஒன்னையேதான்..."

"பாத்தேன். எனக்குக் கண்ணு தெரியுது." சேலைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்தாள். "நீயும் இப்ப மைக்கப் பிடிச்சுக்கிட்டு என்னையேதான் பாத்துக்கிட்டு நின்ன. வாயத் தொறக்கல. அம்மாவும் அப்படித்தான்."

சொல்லிவிட்டு அவள் ரோட்டைப் பார்த்தாள். நானும் ரோட்டைப் பார்த்தேன். அம்மா. அறுபது வருஷத்துக்கு மேலாக அவள் வாயில் கேட்காத வார்த்தை அது. கோபத்தில்தான் வந்தது, சொன்னவளுக்கே தெரியாமல் வந்தது. கேட்க வேண்டியவள் மண்ணுக்குள் இருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று பயம். பாருங்கள், மறுபடியும் பயம்தான்.

பஸ்ஸில் ஏறியதும் அவள், "அந்தப் பொண்ணுக்கு எழுதிக் குடு. வந்தவங்களுக்கும் தெரியணும். எம்பேரு வேணாம்," என்றாள். "எழுதத் தெரியலன்னா நான் திருத்துறேன்."

நேற்று புக்கிட் மேராவுக்குப் போய் இதை அவளிடம் படித்துக் காட்டினேன். நிறைய இடத்தில் திருத்தினாள். மரத்தடியில் அவள் உள்ளங்கைமேல் உட்கார்ந்திருந்ததை நான் கவனித்திருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. அந்த இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "கைய எடுத்திருந்தா ஓடி வந்து அவனத் தூக்கியிருப்பேன்," என்றாள். "ஓடி வந்திருக்கணும்."